கைகாட்டி

தவறான வழியில் போய்விட்டால் உருவாதே,
அங்கேயே இருக்கட்டும் என்றாள் செவிலி ஒடெட்.
அது கைகாட்டி மரம்.
எந்தப் பாதையில் போகக்கூடாதென்று
அடுத்த குழாய்க்குத் தெரிந்துவிடும்.

அன்று மட்டும் மூன்று குழாய்கள் வீண்.
தொடைகளுக்கு நடுவே நிறுத்திய சின்னக் கண்ணாடியில்
முப்பத்தாறு வயதில் முதன்முதலாக
என்னைப் பார்த்தேன்.
யாரும் அறிமுகம் செய்துவைக்காத
பக்கத்து வீட்டுக்காரி மாதிரி இருந்தது.

அதுவரை அக்கா மாரித்சாதான்.
நாலு மணிக்கொரு முறை
பேக்கரியில் மாவுக் கையைக் கழுவிவிட்டு
மழையில் ஓடி வருவாள்.
அவள் பிந்தினால் எனக்குத் தெரியாது,
என் பிடரிக்குத் தெரியும்.
இடுப்புக்குக் கீழே தபால் நின்றுபோன உடம்பு இது.
பை நிறைந்த சேதி சுற்றி வளைத்துத்தான் வரும்:
மயிர் சிலிர்க்கும், நெற்றி வியர்க்கும்,
பொட்டில் சம்மட்டி விழும்.

எனக்கென்னடி சிரமம் என்பாள்.
சிரமம் அவளுக்கில்லை.
கதவைத் தட்டாமல் வருகிற பிரியத்துக்கு
ஒவ்வொரு முறையும் நான்
காலை விரித்துக் கொடுக்கவேண்டியிருந்தது.
அதை அவளிடம் சொன்னேன், ஒரு செவ்வாய்க்கிழமை.
இரண்டு வாரம் ரொட்டி மட்டும் வந்தது,
அவள் வரவில்லை.
அந்த இரண்டு வாரத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

வால்டிவியா ஆற்றங்கரையில்
படகுச் சீட்டு விற்கிறேன்.
கூண்டுக்கு வெளியே கடல்சிங்கங்கள்
மீன்குடலுக்கு அலறும்,
நினைத்த இடத்தில் நினைத்தபோது பெய்யும்.
எனக்கோ நோட்டுப் புத்தகம்:
நேரம், அளவு, நிறம்.
குடிப்பதற்கும் கணக்கு.
ஜூலையில் வானம் முழுசாய்க் கொட்டும்போது
அரைக் கோப்பை மாத்தேயை
மத்தியானம் வரை உறிஞ்சிக்கொண்டிருப்பேன்.

கோரல் கோட்டைக்குப் போய்வர ஆறு மணி நேரம்.
நாலு வருஷமாய்க் கிழித்த சீட்டில்
ஒன்றுகூட எனக்கில்லை.
படகுக் கழிப்பறைக் கதவு
என் நாற்காலியைவிட ஒரு சாண் குறுகல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏறிவிட்டேன்.
படகோட்டி எலியெசரும் அவன் மச்சானும் தூக்க,
எங்கே பிடிக்கவேண்டும், எங்கே கூடாது என்று
அதட்டிக்கொண்டே போனேன்.
மாரித்சா பையோடு பின்னால்.
இறங்குவதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்கு.
மூடுபனி அந்தக் கணக்கைக் கேட்கவில்லை.
திரும்புகையில் இஞ்சின் அணைத்து
ஆற்றின் நடுவே நின்றுவிட்டோம்.
ஐந்து மணி நேரம் கடந்தது.
பிடரி பேச ஆரம்பித்தது.

இஞ்சின் அறைக்குப் பக்கத்தில் ஒரு மூலை.
டீசல் நாற்றம். கயிற்றுச் சுருள்.
மாரித்சாவின் கை தானாக நீண்டது,
பிறகு தானாகவே மடங்கியது.
போர்வையை இரு கையாலும் விரித்து
எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.
பனியைத் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை,
அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியை வீட்டில் மறந்திருந்தேன்.
கையைத் துடைத்து, இருக்கை நுனிக்கு நகர்ந்து,
விரலால் தேடினேன்.
முதல் குழாய் தப்பாய்ப் போனது.
இருக்கட்டும் என்று விட்டேன்.
படகு லேசாய் ஆடியது.
இரண்டாவதைக் கொஞ்சம் மேலே,
மூச்சை விட்டபடி, மெல்ல.

பாட்டிலுக்குள் சத்தம் கேட்டது.
எனக்குத் தெரியாமலே எனக்குள் இருந்தது
வெளியே வந்தபிறகு வெதுவெதுப்பாய்
உள்ளங்கையில் தெரிந்தது.

ஆச்சா என்றாள் திரும்பாமல்.
ஆச்சு என்றேன்.
போர்வை இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது,
அதற்குப் பின்னால் அவள் மூக்கை உறிஞ்சினாள்.
பனிக்குளிர் என்று எடுத்துக்கொண்டேன்.

இரவு நோட்டில் எழுதினேன்:
நாலு இருபது. நானூற்று அறுபது. வெளிர் மஞ்சள்.
இடம் எழுதக் கட்டமில்லை.
ஓரத்தில் கிறுக்கிவைத்தேன்: ஆறு.

மறுநாள் கலங்கலாய்ப் போனது, லேசாய்க் காய்ச்சல்.
ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு
கூண்டுக்கு வந்து பெரிய கெட்டிலை வைத்தேன்.
கோரலுக்கு எத்தனை மணி நேரம் என்று
ஒரு கிழவர் ஜன்னலில் தட்டினார்.
ஆறு என்றேன். பனி இருந்தால் ஏழு.
கழிப்பறைக் கதவு குறுகல், ஆனாலும் போகலாம்.